பென்சில் கரிக்கு மோப்ப சக்தி! விஷவாயு வந்தால் காட்டுப்பள்ளி கரையில் மணி அடிக்குமா?

காட்டுப்பள்ளி:-

மீஞ்சூரில் இருந்து கடலைப் பார்த்து கிழக்கே போகும் சாலையில் கால் வைத்தால் போதும். கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் கடல் நீரை குடிநீர் ஆக்கும் ஆலை. அப்பால் காட்டுப்பள்ளி துறைமுகம். அதற்கு தெற்கே காமராஜர் துறைமுகம். இத்தனைக்கும் நடுவே, கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாயில் பறியை கவ்விக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்கள்!

இந்த கரையில் பிழைப்பவர்களுக்கு மூக்குதான் மீட்டர். மூக்குதான் அலாரம். காற்று திசை மாறினால், "என்னப்பா, இன்னிக்கு நெடி ஜாஸ்தியா இருக்கே" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்கள் கையில் எந்த கருவியும் கிடையாது.

அந்த மூக்குக்கு பதிலாக ஒரு புது மூக்கு தயார் ஆகிறது. அதற்கு மூலப்பொருள், பள்ளிக்கூட பிள்ளைகள் எழுதும் பென்சிலில் உள்ள கரி! அதன் பெயர் "கிராபீன்".

இது விளையாட்டு சமாச்சாரம் அல்ல. ஏன் என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு ராத்திரியின் கதையை சொல்லியாக வேண்டும்.

நள்ளிரவில் ஓட்டம்

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி இரவு. மிச்சாங் புயல் அடித்து ஓய்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எண்ணூர் கழிமுகத்துக்கு தெற்கே பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி ஜனங்கள் படுத்து தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

அங்குள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு கப்பலில் வரும் திரவ அம்மோனியா, கடலுக்கு அடியில் போடப்பட்ட குழாய் வழியாக கரைக்கு வரும். அம்மோனியா திரவமாகவே இருக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்கு கீழே 33 டிகிரி குளிர் வேண்டும். ஆகவே கப்பலில் இருந்து இறக்குவதற்கு முன்பு குழாயை குளிர வைப்பார்கள். அந்த வேலை நடந்துகொண்டு இருந்தபோது குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தது. கரை ஓரத்தில் கடல் தண்ணீர் குமிழி விட்டு கொதிப்பது போல பொங்கியது.

நெடி ஊருக்குள் புகுந்தது. கண் எரிச்சல். தொண்டை கமறல். மூச்சு திணறல். பிள்ளைகளை தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசல் அருகே காற்றை அளந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோ கிராம் அம்மோனியா! ஒரு நாள் சராசரியாக இருக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பது 400. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லி கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49. பசுமை தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. புயலில் பாறைகள் நகர்ந்து குழாய் சேதம் அடைந்திருக்கலாம் என்றது, ஆராய்ந்த நிபுணர் குழு. பழைய குழாயை எடுத்துவிட்டு, நவீன கண்காணிப்பு கருவிகளோடு புதுக்குழாய் போட வேண்டும் என்றும் சொன்னது. ரூ.5 கோடியே 92 லட்சம் இழப்பீடு விதிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி அளவு காட்டி, அதைப்பார்த்து ஜனங்கள் ஓடவில்லை. மூக்கு சொல்லித்தான் ஓடினார்கள்.

மூக்கை நம்பலாமா?

"நெடி அடித்தால் தெரியாதா? அதற்கு எதற்கு கருவி?" என்று கேட்கலாம்.

அங்கேதான் ஆபத்து! காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 5 பங்கு அம்மோனியா கலந்தால்தான் சாதாரண மூக்குக்கு அது உறைக்கும். சட்டம் சொல்லும் அந்த 400 மைக்ரோ கிராம் என்பதோ, பத்து லட்சத்தில் அரை பங்குக்கு சற்று மேல். அதாவது நமக்கு நெடி தெரியும்போதே அந்த அளவை போல எட்டு, ஒன்பது மடங்கு வந்துவிட்டது என்று அர்த்தம்! 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து.

அது மட்டும் அல்ல. கொஞ்ச நேரம் அதே நெடியில் இருந்தால் மூக்கு மரத்துப்போகும். "இப்ப பரவாயில்லையே" என்று தோன்றும். வாயு குறைந்திருக்காது. மூக்குதான் ஓய்ந்திருக்கும். சாக்கடையில் இருந்தும், எண்ணெய் சுத்திகரிப்பில் இருந்தும் வரும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். அளவு கூடினால் மோப்ப நரம்பையே செயல் இழக்க செய்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது.

ஐஸ் பேக்டரி, மீன் பதப்படுத்தும் கூடம் என்று அம்மோனியா புழங்காத கடற்கரை ஊர் குறைவு. 2024-ம் ஆண்டு ஜூலையில் தூத்துக்குடி பக்கம் புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். பெரிய உர ஆலை இல்லாத ஊருக்கும் இந்த கவலை உண்டு.

தப்பும் வழியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மோனியாவுக்கு தண்ணீர் என்றால் உயிர். ஒரு குடம் தண்ணீர் ஏறக்குறைய 700 குடம் அம்மோனியா வாயுவை விழுங்கிவிடும். ஆகவே துணியை நன்றாக நனைத்து மூக்கையும் வாயையும் மூட வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடக்கூடாது. காற்று அடிக்கும் திசைக்கு குறுக்கே ஓட வேண்டும்.

பறவையில் தொடங்கியது

விஷவாயுவுக்கு கருவி வைப்பது புதிய யோசனை அல்ல. சீமையில் நிலக்கரி சுரங்கத்துக்குள் கூண்டில் "கேனரி" குருவியை எடுத்து செல்வார்கள். குருவி சுருண்டு விழுந்தால், எல்லோரும் வெளியே! பாவம், குருவிதான் அலாரம்.

வீடுகளில் சமையல் கேஸ் கசிந்து வெடிப்பதை தடுக்க, 1962-ம் ஆண்டு டகுச்சி என்ற ஜப்பானியர் ஒரு கருவிக்கு காப்புரிமை கேட்டார். அதன் உயிர்நாடி, வெள்ளீய ஆக்சைடு. இன்றும் கடைகளில் கிடைக்கும் மலிவான கேஸ் அலாரங்கள் பல அந்த வம்சம்தான். ஆனால் அது வேலை செய்ய உள்ளே ஒரு குட்டி அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 300 டிகிரி சூடு! கரண்டு குடிக்கும். புயல் அடித்து மின்சாரம் போய்விட்டால் கதை கந்தல்.

தொழிற்சாலைகளில் வைப்பது வேறு ரகம். உள்ளே ரசாயன கரைசல் இருக்கும். துல்லியமாக காட்டும். ஆனால் விலை அதிகம். சில வருஷத்தில் கரைசல் செத்துவிடும். மாற்ற வேண்டும். வேலிக்குள் நாலு இடத்தில் வைக்கலாம். தெருத்தெருவாக வைக்க கட்டுப்படி ஆகாது.

இந்த இடத்தில்தான் பென்சில் கரி நுழைகிறது.

டேப் செய்த வித்தை

பென்சில் குச்சிக்குள் இருப்பது "கிராபைட்" என்ற கரி. அது அப்பளக் கட்டு மாதிரி. அடுக்கடுக்காக இருக்கும். ஒரு மில்லி மீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் அடுக்கு! எழுதும்போது அந்த அடுக்குகள்தான் உரிந்து காகிதத்தில் ஒட்டுகின்றன. அதில் ஒரே ஒரு அடுக்கை தனியாக பிரித்து எடுத்தால் அதுதான் கிராபீன். அணு கனமே உள்ள ஏடு.

2004-ம் ஆண்டு, இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதை பிரித்து காட்டினார்கள். எதை வைத்து? பார்சலுக்கு ஒட்டுவோமே, அந்த ஒட்டு டேப்பை வைத்து! கிராபைட் துண்டின் மேல் டேப்பை ஒட்டி உரித்தார்கள். உரித்ததை மறுபடி உரித்தார்கள். கடைசியில் ஒற்றை ஏடு மிஞ்சியது. 2010-ல் நோபல் பரிசு!

இதற்கும் மோப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு கல்லின் மேல் ஈ உட்கார்ந்தால் கல்லுக்கு தெரியாது. சிலந்தி வலையில் உட்கார்ந்தால் வலை முழுவதும் அதிரும். கிராபீன் அந்த வலை மாதிரி. அதற்கு உள்பக்கம் என்பதே இல்லை. எல்லா அணுவும் வெளியேதான். ஒரு கிராம் கிராபீனை விரித்தால் 2,630 சதுர மீட்டர். நம் ஊர் கணக்கில் ஏறக்குறைய 12 கிரவுண்டு! ஒரு சிட்டிகை கரியில் 12 கிரவுண்டு என்றால் வாயு தப்பிக்க முடியுமா?

வாயு வந்து உட்கார்ந்ததும் கரியில் ஓடும் மின்சாரம் மாறும். அம்மோனியா கொடுக்கிற ஜாதி. தன்னிடம் உள்ள எலெக்ட்ரானை கரிக்கு தள்ளிவிடும். காற்றுபட்ட கிராபீனில் அப்போது மின் தடை ஏறும். வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு பிடுங்குகிற ஜாதி. அது வந்தால் தடை இறங்கும். மீட்டர் முள் எந்த பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே ஆசாமி யார் என்று ஊகிக்கலாம். 2007-ம் ஆண்டு மான்செஸ்டர் குழுவினர், ஒற்றை ஒற்றை வாயு மூலக்கூறு வந்து ஒட்டுவதையும் விலகுவதையும் கிராபீனை வைத்து கண்டுபிடித்து உலகத்தை அசத்தினார்கள். சூடு போடும் அடுப்பு இல்லாமலே அறை வெப்பத்தில் மோப்பம் பிடிக்கும் கருவிகளை இதை வைத்து செய்ய முடிகிறது. கொஞ்சம் பாட்டரி இருந்தால் போதும்.

சமையல் குறிப்பு

டேப்பை வைத்து உரித்துக்கொண்டு இருந்தால் ஊருக்கு கருவி செய்ய முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. 1958-ம் ஆண்டு ஹம்மர்ஸ் என்பவரின் பெயரால் வந்த முறை.

கிராபைட் தூளை கடும் கந்தக அமிலத்தில் போடுவார்கள். கொஞ்சம் சோடியம் நைட்ரேட். பிறகு கிணற்றில் போடுவோமே ஊதா நிற மருந்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட், அதை சிறிது சிறிதாக சேர்ப்பார்கள். பாத்திரம் ஐஸ் மேல் இருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் வெடிக்கும்! அவசரக்காரர்களுக்கு லாயக்கில்லாத வேலை. அமிலம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அப்பளக் கட்டை நெகிழ்த்தும். கடைசியில் புண்ணுக்கு ஊற்றினால் நுரைக்கும் பெராக்சைடை ஊற்றியதும் கலவை பளிச்சென்று மஞ்சளாக மாறும். அதை பலமுறை கழுவி, காதுக்கு கேட்காத ஒலி அலையால் குலுக்கினால், பழுப்பு தண்ணீர் கிடைக்கும். பார்த்தால் ஆறிப்போன டீத்தண்ணி! அதுதான் கிராபீன் ஆக்சைடு.

சீப்பும் சீப்பும் கோர்த்த மாதிரி இரண்டு மின்கம்பி போட்ட சின்ன தகட்டில் அந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டு காயவைப்பார்கள். சூட்டினாலோ, வைட்டமின்-சி மருந்தினாலோ அதில் உள்ள ஆக்சிஜனை பெருமளவு விரட்டினால் கரிக்கு மின்சாரம் கடத்தும் சக்தி திரும்பும். உணரி தயார். உணரி என்பது மோப்பம் பிடிக்கும் அந்த சின்ன தகடுதான்.

இன்னும் சுத்தமான ஏடு வேண்டுமானால், செம்பு தகட்டை சுமார் 1,000 டிகிரிக்கு சூடாக்கி அதன் மேல் மீதேன் வாயுவை ஓட்டுவார்கள். செம்பின் மேல் கிராபீன் படியும். 2019 முதல் காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் திரவ இயற்கை வாயுவில் பெரும்பகுதி அந்த மீதேன்தான்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. ஹம்மர்ஸ் முறையில் கழுவி ஊற்றும் தண்ணீர் அத்தனையும் அமிலமும் மாங்கனீசும் கலந்த கழிவு. விஷவாயுவை காட்டும் கருவியை செய்கிறேன் என்று சொல்லி, அந்த கழிவை ஆற்றில் விட்டால், அது வேலியே பயிரை மேய்ந்த கதை. கொசஸ்தலைக்கு இன்னொரு ஆலையின் கழிவை தாங்க தெம்பு இல்லை. செய்கிறவர்கள் கழிவை சுத்திகரித்துவிட்டு செய்யட்டும்.

சிவகங்கையில் கொட்டிக்கிடக்கு

"கரிக்கு சீமைக்கு போக வேண்டுமா?" வேண்டாம். சிவகங்கை மண்ணுக்கு அடியில் செதில் செதிலான கிராபைட் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் ("டாமின்") அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் அமைத்தது. தோண்டும்போது பாறையில் கரி சராசரியாக 14 சதவீதம். அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு பிரித்தால் 96 சதவீதம் வரை ஏறும். உலைக்களத்து செங்கல், உலோகம் உருக்கும் மூசை என்று போன சரக்கு அது.

அதே சிவகங்கை மாவட்டத்து காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்டது. மின்சாரமும் ரசாயனமும் கலந்த உணரிகளுக்கு அது பேர்போன இடம். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் வாயு உணரி ஆராய்ச்சி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2012-ம் ஆண்டு பேராசிரியர் பிரதீப் குழுவினர் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஆற்று மணலில் சாதாரண சர்க்கரை பாகை பூசி, காற்று படாமல் சூடாக்கினார்கள். சர்க்கரை கருகி, மணலின் மேல் கிராபீன் தோலாக ஒட்டிக்கொண்டது. அந்த மணல் அழுக்கு தண்ணீரை வடிகட்டியது!

ஆக, கரி இருக்கிறது. மூளையும் இருக்கிறது.

வியாதியையும் மோப்பம் பிடிக்கும்

இதே கரி ஏட்டின் மேல், குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பு புரதத்தை நட்டு வைத்தால், அது டாக்டர் ஆகிவிடும். 2020-ல் கொரோனா பரவியபோது தென்கொரிய விஞ்ஞானிகள் இப்படி ஒரு கருவியை செய்தார்கள். மூக்கில் இருந்து எடுத்த சளி மாதிரியை விட்டதும், கிருமி வந்து ஒட்டினால் மின்சாரம் மாறியது. சர்க்கரை வியாதிக்காரர்கள் விரலை குத்தி சொட்டு விடும் பட்டையும் தூரத்து உறவுதான். அதில் நொதி இருக்கும். இதில் கிராபீனை சேர்த்தால் இன்னும் குறைந்த அளவையும் காட்டும்.

சிறுநீரகம் கெட்டவர்களின் மூச்சில் அம்மோனியா கூடும் என்பது டாக்டர்களுக்கு தெரிந்த சேதி. ஊதினால் போதும், காட்டிவிடும் என்ற கருவிக்கும் உலகம் எங்கும் முயற்சி நடக்கிறது. கடற்கரையில் ஆபத்தை காட்டும் அதே ஏடு, ஆஸ்பத்திரியிலும் உட்காரலாம்.

ஐப்பசி மழையில் தாங்குமா?

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் இன்னும் காட்டுப்பள்ளி விளக்கு கம்பத்தில் ஏறவில்லை?

முதல் எதிரி, ஈரம். கிராபீனுக்கு எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கும் குணம். தண்ணீர் ஆவியும் அதற்கு ஒரு விருந்தாளிதான். ஆராய்ச்சிக்கூடத்தில் ஏ.சி. ஓடும். காட்டுப்பள்ளியில் உப்பு காற்று பிசுபிசுவென்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணியே காயாது. அப்போது அம்மோனியா வந்ததா, மழை வந்ததா என்று கருவி குழம்பும். நாலு தடவை பொய் மணி அடித்தால் ஐந்தாவது தடவை யார் எழுந்து ஓடுவார்கள்? "புலி வருது" கதைதான்.

இரண்டாவது, ஆளை பிரித்து அறிவது. எண்ணூர், மணலி, கும்மிடிப்பூண்டி பக்கம் காற்றில் ஒரு வாயு மட்டுமா இருக்கிறது? இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கிராபீனோடு பாலிஅனிலின் என்ற மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை கலந்தால் அம்மோனியாவின் பக்கம் சாயும். பல்லேடியம் துகளை தூவினால் ஹைட்ரஜனின் பக்கம். இப்படி ஐந்தாறு ரகத்தை ஒரே தகட்டில் வரிசையாக வைத்து, எது எவ்வளவு அசைந்தது என்று சேர்த்து கணக்கு போட்டால் "மின்சார மூக்கு". நம் மூக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது.

மூன்றாவது, உட்கார்ந்த வாயு லேசில் எழுந்து போகாது. மான்செஸ்டரில் 150 டிகிரிக்கு சூடாக்கித்தான் விரட்டினார்கள். எழவில்லை என்றால் கருவி நேற்றைய நெடியையே இன்றும் காட்டிக்கொண்டு இருக்கும். ஆக, அடுப்பு வேண்டாம் என்றவர்களே எப்போதாவது அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. புற ஊதா ஒளி அடித்து விரட்டும் வழியையும் சோதித்திருக்கிறார்கள்.

நான்காவது, இன்று செய்த சொட்டும் நாளை செய்யும் சொட்டும் ஒரே மாதிரி இருப்பது இல்லை. நம் வீட்டு ரசம் மாதிரி, கைக்கு கை ருசி மாறும். ஒவ்வொரு உணரியையும் அளவு தெரிந்த வாயு சிலிண்டரோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி, சில மாதத்துக்கு ஒரு முறை மறுபடி சரிபார்க்க வேண்டும். கடையில் தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி.

கழிமுகத்து தண்ணீரில் கிருமியையும் ரசாயனத்தையும் பிடிக்கலாம் என்றால் அங்கே உப்பு குறுக்கே நிற்கிறது. தண்ணீரில் உப்பு கூடினால் கிருமியின் மின்சாரத்தை உப்பே மூடி மறைத்துவிடும். கரிக்கு காது கேட்காது.

மணி எங்கே அடிக்கும்?

இவை எல்லாம் விஞ்ஞானிகள் தீர்க்க வேண்டிய முடிச்சுகள். மெள்ள மெள்ள அவிழும். கேரளத்தில் கொச்சியில் கிராபீனுக்கு என்றே ஒரு மையம் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் விஞ்ஞானிகள் கையில் இல்லாத ஒரு முடிச்சு இருக்கிறது. ஆலை வேலிக்குள் கருவி இருந்து, மணி கட்டுப்பாட்டு அறையில் மட்டும் அடித்தால் குப்பத்துக்காரனுக்கு என்ன லாபம்? அறையில் இருப்பவர் மேலதிகாரிக்கு போன் செய்து, மேலதிகாரி இன்னொருவருக்கு செய்து, சேதி குப்பத்துக்கு வருவதற்குள் நெடி வந்துவிடும். அம்மோனியா காற்றைவிட லேசானதுதான். ஆனாலும் குளிர்ந்து கசியும்போது பனி மூட்டமாக தரையோடு தவழும். பாயில் படுத்திருப்பவன் மூக்குக்குத்தான் முதலில் வரும்.

மலிவான உணரி என்பதன் உபயோகமே இதுதான். வேலிக்கு உள்ளே நாலு என்பதற்கு பதில், வேலிக்கு வெளியே நாற்பது. பள்ளிக்கூட கூரையில் ஒன்று. மீன் இறங்கும் இடத்தில் ஒன்று. ரேஷன் கடையில் ஒன்று. கோவில் ஒலிபெருக்கியோடு சேர்த்து ஒன்று. காட்டும் அளவு எல்லோர் கண்ணுக்கும் படும்படி ஒரு பலகை. ஒரு கருவி பொய் சொன்னாலும் பக்கத்து மூன்று சொல்லாமல் இருந்தால் அது மழைதான் என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன்பு ஒரு ஐப்பசி மழை, ஒரு கத்திரி வெயில், முடிந்தால் ஒரு புயல். இந்த மூன்றையும் காட்டுப்பள்ளி உப்பு காற்றில் ஒரே கம்பத்தில் தாங்கி நின்று, பக்கத்தில் வைத்த விலை உயர்ந்த கருவி காட்டும் அதே அளவை அந்த சொட்டு கரியும் காட்ட வேண்டும். அந்த பரீட்சையை ஏ.சி. அறையில் எழுத முடியாது. மீஞ்சூர் பஸ் ஏறி வந்துதான் எழுத வேண்டும்.